கலந்து தரும் கொப்பளிப்பு மருந்து: வன்னியில் முதன்முறை வாங்குபவர்களுக்கு

கடையில் சீல் உடைக்காத போத்தலாக வாங்கும் மவுத்வோஷ் எல்லாருக்கும் தெரியும். டொக்டர் துண்டில் எழுதி, மருந்தாளர் அளந்து கலந்து, பெயர் ஒட்டித் தரும் கொப்பளிப்பு மருந்து வேறு வகை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பல் கிளினிக்குக்குப் போனவர்கள், தெல்லிப்பளைக்கோ மகரகமைக்கோ போய்ப் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்து வருபவர்கள், முதல்முறையாக இப்படி ஒரு போத்தலோடு வீடு வந்து சேர்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தகத்து யன்னலுக்கு உள்ளே நின்று பல வருடமாகத் துண்டு வாங்கிப் பார்ப்பவன் நான். பின்னால் வரிசை நீண்டு நிற்கும்போது அரை நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத விசயங்கள் இதில் நிறைய இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துவிடுங்கள். கலந்து தந்த மருந்து ஒரு வாய்க்கு, ஒரு வருத்தத்துக்கு, சில நாட்களுக்கு மட்டுமே. கீழே சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ஏன் கலக்க வேண்டும்?

வாய்க்குள் நோவும் பூஞ்சணமும் ஒன்றாக இருக்கலாம். ஒரே மருந்து இரண்டுக்கும் போதாது. கடையில் விற்கும் சில மவுத்வோஷில் மதுசாரம் இருக்கிறது. தோல் உரிந்த வாய்க்கு அது நெருப்பு. சில மருந்துகள் குளிசையாகத்தான் கிடைக்கும், கொப்பளிக்கும் தண்ணியாகக் கிடைக்காது. அப்படியான நேரங்களில் டொக்டர் அளவை எழுத, மருந்தாளர் கலக்கிறார். விசேடமான மருந்து, விலை கூடின மருந்து என்று நினைக்கத் தேவையில்லை. உள்ளே இருப்பவை பெரும்பாலும் பழைய, சாதாரண மருந்துகள்தான்.

முதல் வேலை: வாயைக் காட்டுவது

மருந்தகத்துக்கு வந்து, "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது கலந்து தாங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்புவது மனவருத்தமான வேலை. மல்லாவியிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பஸ் ஏறி வந்திருப்பார்கள். ஆனாலும் வாயைப் பார்க்காமல் கலப்பது சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல்லுக்குக் கீழே சீழ் கட்டியிருந்தால் எந்தக் கொப்பளிப்பு மருந்தும் அங்கே போய்ச் சேராது. மருந்து மேற்பரப்பைக் கழுவும். சீழ் எலும்புக்குள் இருக்கும். பல்லின் வேரைத் துப்புரவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தால் நோவை அமத்திக்கொண்டு நாள் கடத்தினால் வீக்கம் கழுத்துக்கு இறங்கும். நாடிக்குக் கீழே வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டமாக, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய வருத்தம். மூச்சு முட்டினால் 1990 இலக்கத்துக்கு எடுத்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காசு எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது வெத்திலை. எங்கள் பக்கத்தில் வயலுக்குப் போவோரும் கடலுக்குப் போவோரும் வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடுவது வழமை. இலங்கையில் ஆண்களுக்கு மிகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெத்திலைக் கூட்டும், ஏன் பாக்குத் தனியாகவுமே, புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. ஆகவே வெத்திலை போடுபவரின் புண்ணைச் சாதாரண வாய்ப்புண் என்று யாரும் யன்னலுக்கு வெளியே வைத்துச் சொல்லக் கூடாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது இவ்வளவு: வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து நாக்கின் இரு ஓரம், நாக்குக்குக் கீழே, இரு கன்னத்தின் உட்புறம், முரசு, அண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, கையில் தட்டுப்படும் கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டொக்டரிடம் காட்டவேண்டும். உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், உறைப்புச் சாப்பிட எரிவும் இருந்தால், பாக்கினால் கன்னம் இறுகத் தொடங்கியிருக்கலாம். கொப்பளிப்பதால் அது இளகாது. வெத்திலையை விட்டுவிட்டு டொக்டரின் கண்காணிப்பில் இருக்கவேண்டிய நிலை அது.

அரச வைத்தியசாலைகளின் பல் கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசில்லை. உங்களுக்குக் கிட்டிய வைத்தியசாலையில் பல் டொக்டர் எந்த நாட்களில் இருப்பார் என்று விசாரித்துவிட்டு, காலமை நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள்.

துண்டில் என்ன எழுதியிருக்கலாம்

டொக்டரின் எழுத்து விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "இது எதுக்கு, விழுங்கிறதா துப்புறதா, எத்தனை நாளைக்கு?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் கிளினிக்கை விட்டு வெளியே வரவேண்டாம். கூடுதலாக வரும் மருந்துகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குளோர்ஹெக்சிடின் கிருமிக்கு. முரசு வீங்கி இரத்தம் கசியும்போதும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு பல் தீட்ட முடியாத நாட்களிலும் எழுதுவார்கள். எங்களிடம் வழமையாக வருவது 0.2 சதவீதம், ஒரு தடவைக்கு 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. இதில் இரண்டு பிழை அடிக்கடி நடக்கும். பல் தீட்டின கையோடு கொப்பளிப்பது ஒன்று. பற்பசையின் நுரைக்கும் பொருள் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும்; தீட்டி, வாயை வடிவாகக் கழுவி, அரை மணித்தியாலம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். மற்றது, எரிகிறது என்று வீட்டில் உப்புத் தண்ணியோ கிணத்துத் தண்ணியோ ஊற்றிக் கலப்பது. எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணி கடினம், கேத்திலில் வெள்ளைப் படிவு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குளோர்ஹெக்சிடின் அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது வெறும் தண்ணி. எரிவு தாங்காவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தருவார். இரண்டு கிழமைக்கு மேல் பாவித்தால் பல் கபில நிறமாகும், வாய் உருசி மாறும். பிளேன்ரீயும் வெத்திலையும் அந்தக் கறையைக் கூட்டும். அது நிரந்தரமான கறையில்லை, பல் துப்புரவு செய்யும்போது போகும்.

நிஸ்டாற்றின் பூஞ்சணத்துக்கு. நாக்கிலும் கன்னத்திலும் தயிர் திரண்டதுபோல வெள்ளை, துடைத்தால் கீழே சிவப்பு. குழந்தைகளுக்கு, சலரோகக்காரருக்கு, கட்டுப்பல் போடுபவர்களுக்கு, ஆஸ்துமாவுக்குப் பம் அடிப்பவர்களுக்கு, புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவர்களுக்கு வரும். இதை வாயில் கூடிய நேரம் வைத்திருந்துவிட்டுப் பெரும்பாலும் விழுங்கச் சொல்வார்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டுப் பாவியுங்கள். கழற்றிய பல்லையும் சுத்தம் செய்யாவிட்டால் பூஞ்சணம் அதிலிருந்து திரும்ப வாய்க்கு வரும். நிஸ்டாற்றினும் குளோர்ஹெக்சிடினும் ஒன்றையொன்று கெடுக்கும். ஒரே துண்டில் இரண்டும் இருந்தால் குறைந்தது அரை மணித்தியால இடைவெளி விடுங்கள். ஒரே போத்தலில் இரண்டையும் கலக்கச் சொல்லி எழுதியிருந்தால் மருந்தாளர் டொக்டரிடம் கேட்பதற்காக உங்களைக் காத்திருக்கச் சொல்வார். கோபிக்காதீர்கள், அவர் உங்களுக்காகத்தான் கேட்கிறார்.

பீற்றாமெதசோன், டெக்சாமெதசோன், பிரெட்னிசொலோன் ஆகியவை ஸ்டிரொயிட் வகை. திரும்பத் திரும்ப வரும் வட்டப் புண்ணுக்கும், கன்னத்தில் வெள்ளை வலைபோல் படரும் ஒருவகைப் படைக்கும் எழுதுவார்கள். அரை மில்லிகிராம் பீற்றாமெதசோன் கரையும் குளிசை ஒன்றை 10 முதல் 20 மில்லிலீற்றர் தண்ணியில் கரைத்து, சில நிமிடம் வாயில் சுழற்றித் துப்புவது இதில் வழமையான முறை. கட்டாயம் துப்பவேண்டும். விழுங்கிக்கொண்டே வந்தால் குளிசை குடிப்பதற்குச் சமன். சீனியும் பிறசரும் ஏறும். பூஞ்சணம் இருக்கும் வாய்க்கு இதைத் தனியாகக் கொடுத்தால் பூஞ்சணம் பெருகும். ஒருவருக்குச் சுகம் தந்த போத்தலை அடுத்தவர் எடுத்துப் பாவிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ட்ரனெக்சமிக் அசிட் இரத்தக் கசிவுக்கு. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிக்கும் இருதய நோயாளருக்குப் பல் பிடுங்கினால் 5 சதவீதக் கொப்பளிப்பு எழுதுவார்கள். 5 சதவீதம் என்றால் 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம், அதாவது 10 மில்லிலீற்றருக்கு 500 மில்லிகிராம். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றைப் பொடித்து 10 மில்லிலீற்றர் தண்ணியில் கலக்கினால் அதே அளவு வந்துவிடும். ஆகவே கலந்த போத்தல் கிடைக்காத இடத்திலும் வழி இருக்கிறது. பல் பிடுங்க முன்னமே டொக்டரிடம் இதைக் கேட்டு வையுங்கள். பொடியில் கொஞ்சம் கரையாமல் அடியில் நிற்கும். அது குளிசையின் மாப்பொருள், பயப்படத் தேவையில்லை. இரண்டு நிமிடம் மெல்ல வாயில் வைத்திருந்து துப்புங்கள். வேகமாக அலசினால் பிடுங்கின குழியில் உறைந்த இரத்தம் கழன்றுவிடும். வார்பரினைச் சொந்த எண்ணத்தில் நிறுத்திவிட்டுப் பல் பிடுங்க வராதீர்கள்.

பென்சிடமைன் 0.15 சதவீதம் நோவுக்கும் அழற்சிக்கும். கழுத்துக்கு, வாய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுப்பவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே கொடுப்பதுண்டு. டொக்சிசைக்கிளின் கப்சூலைத் திறந்து தண்ணியில் கரைத்துக் கொப்பளிக்கச் சொல்வதும் உண்டு. அந்தக் குடும்ப மருந்துகள் வளரும் பல்லில் நிரந்தரக் கறை விடும், ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

இனி, பலர் கேட்டு வரும் மூன்று மருந்துக் கலவை: மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன், டைபென்ஹைட்ரமைன் பாணி, வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளை அன்ரசிட் மருந்து. மூன்றும் சம அளவு சேர்ப்பது வழமை. சில டொக்டர்மார் நிஸ்டாற்றினையோ ஸ்டிரொயிட்டையோ சேர்த்து எழுதுவார்கள். உலகம் முழுவதும் இதற்கு ஒரே சூத்திரம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் வாங்கின போத்தலும் கொழும்பில் வாங்கின போத்தலும் ஒரே பெயரில் வேறு வேறு மருந்தாக இருக்கலாம். கீமோவாலும் கதிர்ச் சிகிச்சையாலும் வாய் வெந்தவர்களுக்கு இதைக் கொடுப்பார்கள். எவ்வளவு பலன்? தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 275 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கொப்பளித்த முதல் 4 மணித்தியாலத்தில் நோவு குறைந்தது உறுதியானது. ஆனால் குறைந்த அளவு சிறியது. எனவே நோவைத் தணித்து இரண்டு வாய் கஞ்சி குடிக்க வைக்கும் மருந்தாக இதை எடுங்கள். புண்ணை ஆற்றும் என்று எதிர்பார்த்து, ஆறவில்லை என்று கூட்டிக் கூட்டிக் கொப்பளிக்காதீர்கள்.

இந்தக் கலவையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஒட்டுசுட்டான் பக்கத்து ஆச்சி ஒருவர் கிழமை முடிய முன்னமே வெறும் போத்தலோடு வந்து நின்றார்.

"முடிஞ்சுதோ ஆச்சி? பத்து நாளைக்கெல்லோ தந்தது."

"பேரனுக்கும் வாயெல்லாம் புண் தம்பி. அவனுக்கும் கொஞ்சம் குடுத்தனான். உடனே அழுகை நிண்டிட்டுது."

"பேரனுக்கு எத்தின வயசு?"

"வாற மாதம் நாலு."

அழுகை நின்றது உண்மைதான். லிக்னோகைன் வாயை மரத்துப்போக வைக்கும். அதோடு தொண்டையும் மரத்துப்போகும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் பிள்ளைக்குத் தெரியாது. விழுங்கின மருந்து கூடினால் வலிப்பு வரும், இருதயத் துடிப்பு குழம்பும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு இதைத் தடவிய இடங்களில் உயிரிழப்புகளும் நடந்து, 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டம் கட்டிய எச்சரிக்கையை லேபலில் போட வைத்தது. நல்ல காலம், அந்தப் பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆச்சி அன்பில் செய்ததுதான். அதனால்தான் இதை வீட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லி வையுங்கள்: போத்தலில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அந்த மருந்து.

யன்னலில் நீங்கள் சொல்லவேண்டியவை

கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள். குடிக்கும் மருந்துகள் முழுவதும் அதில் இருக்கும். முன்னர் எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா, பல் பிடுங்க ஊசி போட்டு மயங்கி விழுந்தீர்களா, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, இருதயம், சலரோகம், தைரொயிட், சிறுநீரகம் ஆகியவற்றில் வருத்தம் உண்டா, இவற்றை நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அயடீன் சேர்ந்த கொப்பளிப்பு தைரொயிட் வருத்தக்காரருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எங்கள் பிரதேசத்தில் குறைவில்லை. மக்னீசியம், அலுமினியம் உள்ள அன்ரசிட் கலவையை விழுங்க அவர்களுக்குச் சொல்லக் கூடாது.

ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைக்கு என்றால் வயதையும் நிறையையும் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். புளோரைட் மவுத்வோஷ் கேட்டு வரும் பெற்றோருக்கு ஒரு விசயம்: உலர் வலயத்துக் கிணறுகள் பலவற்றில், வவுனியாப் பக்கமும் சேர்த்து, தண்ணியிலேயே புளோரைட் கூட. பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் கபிலக் கோடும் வருவதற்கு அதுவும் காரணம். அதற்கு மேல் புளோரைட் தேவையா என்பதைப் பல் டொக்டர்தான் சொல்லவேண்டும்.

எல்லா மருந்தகத்திலும் கலந்து தர மாட்டார்கள். அரச வைத்தியசாலையில் எழுதின துண்டை முதலில் அந்த வைத்தியசாலை மருந்தகத்திலேயே காட்டுங்கள். வெளியே வாங்க வேண்டி வந்தால், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டப்படி வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறதா, பதிவு பெற்ற மருந்தாளர் அந்த நேரம் கடையில் நிற்கிறாரா என்று பார்த்துக் கொடுங்கள். மருந்தாளர் இல்லாத நேரத்தில் உதவிக்கு நிற்கும் பிள்ளை கலக்கக் கூடாது. ஒரு சரக்கு இல்லையென்றால், "அதுக்குப் பதிலாய் இதைப் போடுறன்" என்று கலக்க விடாமல் டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

போத்தல் கைக்கு வந்ததும்

யன்னலை விட்டு நகர முன் லேபலை வாசியுங்கள். உங்கள் பெயர், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும், கலந்த திகதி, பாவிக்கக்கூடிய கடைசித் திகதி, ஒரு தடவைக்கு எத்தனை மில்லிலீற்றர், துப்புவதா விழுங்குவதா, குலுக்கவேண்டுமா, எங்கே வைப்பது. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். அதிகாரத்தோடு கேட்கலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத முதியவர் என்றால் காலை, மதியம், இரவுக்குச் சூரியனும் நிலாவும் கீறித் தரலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வாங்கிப் போகாதீர்கள். வீட்டில் யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

அளந்து, அலசி, துப்புதல்

வீட்டுத் தேக்கரண்டிகள் எல்லாம் ஒரே அளவில்லை. அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ கேட்டு வாங்குங்கள். 10 மில்லிலீற்றர் என்றால் சிரிஞ்சில் 10 என்று இலக்கம் போட்ட கோடு.

முதலில் சாப்பாட்டு மிச்சம் போக வாயை வெறும் தண்ணியால் கழுவுங்கள். வெத்திலைச் சாறும் சோற்றுப் பருக்கையும் ஒட்டிக் கிடந்தால் மருந்து புண்ணில் படாது. பிறகு போத்தலைக் குலுக்குங்கள். மூன்று மருந்துக் கலவையில் வெள்ளைப் பகுதி அடியில் இறங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் தண்ணியும் கடைசி நாள் களியும்தான் கிடைக்கும். அளந்ததை வாயில் எடுத்து இரு கன்னம், நாக்கின் கீழ், முன் முரசு என்று ஒவ்வொரு பக்கமாகச் சொன்ன நேரத்துக்குச் சுழற்றுங்கள். ஒரு நிமிடம் நாம் நினைப்பதை விட நீளம், போனில் நேரம் பாருங்கள். தொண்டையிலும் புண் இருந்தால் மட்டும், டொக்டர் சொல்லியிருந்தால் மட்டும், தலையைப் பின்னால் சாய்த்துக் கரகரக்கலாம். துப்பியபின் தண்ணியால் கழுவவேண்டாம். அரை மணித்தியாலம் சாப்பாடும் தேத்தண்ணியும் வேண்டாம். லிக்னோகைன் இருந்தால் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். மரத்த வாயோடு சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துப் புதுப்புண் வரும், புரையேறும், கஞ்சியின் சூடும் தெரியாது.

வாய் அலசத் தெம்பில்லாத நோயாளிக்குப் பஞ்சுத் துண்டை மருந்தில் நனைத்து புண்ணில் ஒற்றி எடுக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவரின் வாயில் மருந்தை ஊற்றாதீர்கள்.

இவற்றுக்கிடையில் நாள் முழுக்கப் பாவிக்க வீட்டிலேயே ஒரு கொப்பளிப்பு செய்யலாம். கொதித்து ஆறிய தண்ணி ஒரு லீற்றர், உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி. கீமோ, கதிர்ச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இது ஏற்றது. சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பலாம். எரியாது, செலவில்லை, வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும். தினமும் புதிதாகச் செய்யுங்கள். கிணத்துத் தண்ணி கடினம் என்றால் ஆர்ஓ தண்ணியைக் கொதிக்கவைத்து எடுங்கள். பல் பிடுங்கின அன்றைக்கு மட்டும், டொக்டர் எழுதித் தந்த ட்ரனெக்சமிக் அசிட்டைத் தவிர, எதையும் கொப்பளிக்கக் கூடாது. 24 மணித்தியாலம் கழித்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணியால் மெல்ல. கராம்பு எண்ணெயைப் புண்ணில் நேரே விடும் பழக்கம் வேண்டாம், அது தோலைச் சுடும்.

வெயிலும் போத்தலும்

தண்ணியில் கலந்த, கெடாமல் காக்கும் சரக்குச் சேர்க்காத மருந்துக்கு, அமெரிக்க மருந்துத் தரநூல் சொல்லும் உச்ச எல்லை பிறிட்ஜில் வைத்தால் 14 நாள். சில கலவைகளுக்கு அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கு பிறிட்ஜுக்கு உரியது. வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் தட்டில் வைத்த போத்தலுக்கு அது பொருந்தாது. பிறிட்ஜ் இல்லாத வீடு என்றால் துண்டு கொடுக்கும்போதே சொல்லுங்கள். நாலைந்து நாளுக்கு மட்டும் கலந்து, மிச்சத்துக்குத் திரும்ப வரச் சொல்லலாம். கரைத்துப் பாவிக்கும் குளிசையாக மாற்றித் தரமுடியுமா என்று டொக்டரிடமும் கேட்கலாம். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு இரண்டாவது வழிதான் சுகம், கலந்த மருந்தைவிடக் குளிசை வெக்கையைத் தாங்கும், தேவையான நேரம் ஒவ்வொன்றாகக் கரைக்கலாம்.

பஸ்ஸில் கொண்டு போகும்போது யன்னலோரம் வெயிலில் வைக்காமல் துணியில் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். பிறிட்ஜில் கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே நடுத்தட்டு நல்லது. உறையவும் விடக் கூடாது. வாயை வைத்துப் போத்தலிலிருந்து நேரே எடுக்காதீர்கள். நிறம் மாறினால், புளிச்ச மணம் வந்தால், குலுக்கியும் கட்டி கரையாமல் நின்றால், திகதி இருந்தாலும் பாவிக்கவேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத இடம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் பிறிட்ஜின் நடுத்தட்டு பிள்ளைகளுக்கு எட்டும். ஆகவே பிள்ளைகள் உள்ள வீட்டில் மட்டும் மேல்தட்டில் ஒரு பெட்டிக்குள் மூடி வையுங்கள்.

நிறுத்தவேண்டிய நேரம்

உதடும் கண்ணிமையும் வீங்குதல், உடம்பில் தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் உடனே வாயைக் கழுவி, 1990க்கு எடுங்கள். குளோர்ஹெக்சிடினுக்கும் அப்படி ஒவ்வாமை அரிதாக வரும். மருந்து தொடங்கியபின் புண் பெருத்தால், காய்ச்சல் வந்தால், சாப்பாடும் தண்ணியும் இறங்காவிட்டால் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்கவேண்டாம். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் அது இரவானாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டிய விசயம். பிள்ளை தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். லேபலைப் பார்த்தால்தான் என்ன குடித்தது என்று டொக்டருக்குத் தெரியும்.

சொன்ன நாள் முடிந்து புண் ஆறிவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தமுறை வருகிற புண் வேறு புண்ணாக இருக்கும். மிஞ்சியதை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். கிணத்துக்குப் பக்கத்தில் ஊற்றவேண்டாம்.

சொன்ன நாள் முடிந்தும் ஆறவில்லை என்றால், "அதே மருந்தை இன்னொருக்கால் கலந்து தாங்கோ" என்று மருந்தகத்துக்கு வராமல் நேரே பல் டொக்டரிடம் போங்கள். போகும்போது கொண்டு போகவேண்டியவை: பழைய துண்டு, லேபலோடு வெறும் போத்தல், கிளினிக் கொப்பி, புண் எந்தத் திகதியில் தொடங்கியது என்ற குறிப்பு. போனில் கிழமைக்கு ஒருமுறை அந்தப் புண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆறுகிறதா பெருக்கிறதா என்று டொக்டர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார், தசைத்துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதா என்ற முடிவையும் அன்றைக்கே எடுக்க அது அவருக்கு உதவும்.